ரோலக்ஸ் வெயிட்டிங் லிஸ்ட்டில் வரிசை எண் கிடையாது
அண்ணா, பாரிமுனையில் ஒருவரிடம் 20,000 ரூபாய் கட்டினால் ரோலக்ஸ் கம்பெனியின் டேடோனா என்ற மாடல் வாட்சுக்கான வெயிட்டிங் லிஸ்ட்டில் வரிசை எண் கிடைக்கும், எண் வந்தால் வாட்ச் உறுதி என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நம்ம வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பிள்ளைகள் பலர் அதைப் பகிர்வதால் சொல்கிறேன்: அது சரியில்லை.

ரேஷன் கடை டோக்கன் மாதிரி நகரும் வரிசை ரோலக்ஸ் வாங்குவதில் இல்லை. ரோலக்ஸ் புது வாட்சை அங்கீகாரம் பெற்ற டீலர் கடைகள் மூலம்தான் விற்கிறது. அங்கே உங்கள் விருப்பத்தைப் பதிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். சரக்கு வரும்போது யாருக்குக் கொடுப்பது என்பது அந்தக் கடையின் முடிவு. பின்னால் பெயர் கொடுத்தவருக்கு முதலில் கிடைப்பதும் உண்டு. அதனால் வெளியாள் விற்க அங்கே எண் என்று ஒன்றே இல்லை.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ரோலக்ஸின் சொந்த இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கடைகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. பணம் கேட்பவரின் பெயர் அதில் வருகிறதா பாருங்கள். பிறகு அதிலுள்ள கடை ஒன்றுக்குப் போன் செய்து, "வரிசை எண் தருவீர்களா, அதை இன்னொருவருக்கு மாற்ற முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள். ஹார்பரில் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு, கொடுப்பதற்கு முன் அந்த ஒரு போனை மட்டும் செய்துவிடுங்கள்.