மூணாறு ஆலயச் சுவரில் நம் பெயர்களும் வேண்டும்

மூணாறு சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்கு வருகிறவர்களிடம் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். தோட்ட அதிகாரி ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலினர் இசபெல் மே, இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே, 1894 டிசம்பரில், காலராவில் இறந்துபோனார். நான் இறந்தால் இந்தக் குன்றிலேயே அடக்கம் செய்யுங்கள் என்று கணவரிடம் சொல்லியிருந்தாராம். அப்படியே செய்தார்கள். அந்த இடம் கல்லறைத் தோட்டமாயிற்று. அதற்குக் கீழே ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல். மறு ஆண்டே ஆராதனை தொடங்கிவிட்டது. கல்லறை முந்தி, கோவில் பிந்தி. கேட்டால் யாருக்கும் மனம் இளகும். எனக்கும் இளகும். ஆனால் கதையை அதோடு முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மலையில் தேயிலை நட்ட நம் தொழிலாளிகள் அந்தக் கதையில் இல்லை.

முதலில் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இங்கே வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது. அந்த மழைக்கும் குளிருக்கும் ஈடு கொடுக்கிற கருங்கல் சுவர்கள், நூறு வருட ஈரத்தில் கறுத்து நிற்கின்றன. தண்ணீர் தேங்காமல் ஓடிவிடச் சரிவான கூரை. கதவும் சன்னலும் இங்கிலாந்துக் கிராமத்துக் கோவில்களைப் போல மேலே கூம்பிய வளைவுகள். உள்ளே நுழைந்தால் கண்ணுக்கு இருட்டுப் பழகக் கொஞ்ச நேரமாகும். பழகியதும் பலிபீடத்துக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடிகள் மட்டும் தனியாக ஒளிர்வதைப் பார்க்கலாம். பழைய மர பெஞ்சுகளில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. 1924 வெள்ளத்தில் கீழே மூணாறு ஊரே அடித்துக்கொண்டு போனது, மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சின்ன ரயில் பாதையும் போனது. இந்த ஆலயம் நின்றது. கட்டியவர்களின் கைகளைக் கும்பிடத்தான் வேண்டும்.

அந்தச் சுவரில் பித்தளைப் பட்டயங்கள் இருக்கின்றன. எல்லாம் துரைமார்களின் நினைவுக்கு வைத்தவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும், கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்ற ஒரு அம்மா, பட்டயம் ஒன்றின் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே, “இது யாருடைய பெயர், தம்பி?” என்று கேட்டார். படித்துச் சொன்னேன். “பாவம், எந்த ஊரிலிருந்தோ வந்து இங்கே செத்திருக்கிறார்” என்றார். அவருடைய தாத்தாவும் எந்த ஊரிலிருந்தோ வந்து இங்கே செத்தவர்தான். அவருக்கு எங்கேயும் பட்டயம் இல்லை.

பூஞ்ஞாறு அரசரிடமிருந்து 1877-இல் ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்ததும், 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட மனிதர்கள் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துத் தமிழர்கள். ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்குச் சொகுசாக இறங்கின. ஆட்கள் அந்த மலையை நடந்தே ஏறினார்கள், கைக்குழந்தைகளோடு. துரைமார்கள் போன பிறகு இந்தப் பெஞ்சுகளை நிறைத்துப் பாமாலை பாடி, இந்தக் கோவிலை உயிரோடு வைத்திருப்பவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உண்டு.

பட்டயம் வைக்கத் துரை குடும்பங்களிடம் பணம் இருந்தது, தொழிலாளியிடம் இல்லை, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். அன்று முடியவில்லை, சரி. இன்று முடியும். துரைமார்களின் பட்டயங்கள் அப்படியே இருக்கட்டும், அவையும் சரித்திரம். பக்கத்தில் நம்மவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதைத் தள்ளிப்போட முடியாது. எஸ்டேட்டில் ஓய்வு பெற்றால், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லையென்றால், மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் போடிக்கோ தேனிக்கோ இறங்கிவிடுகிறது. அதோடு பெயர்களும் இறங்கிவிடுகின்றன. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில், தோட்டத் தொழிலாளர் லயங்கள்மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள். லயங்களோடு சேர்ந்து குடும்பப் புகைப்படங்களும் ரேஷன் கார்டுகளும் கிழவர்களின் ஞாபகமும் மண்ணுக்குள் போயின. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

பெயர்களைத் திரட்ட, ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் அடக்கப் பதிவேடுகளையும் ஈரத்தில் உளுத்துப்போவதற்கு முன் படமெடுத்து வைக்க வேண்டும். எஸ்டேட்டுகளில் இருக்கும் சின்னக் கோவில்களின் பதிவேடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேறு மதத்துக் குடும்பங்களும் இதில் சேரட்டும். ஒரே லயத்தில் ஒரே குழாயடியில் வாழ்ந்தவர்களைப் பட்டியலில் பிரிக்க வேண்டாம்.

மூணாறிலிருந்து கீழே இறங்கிப் போனவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் முதலில் மலையேறியவரின் பெயர், சொந்த ஊர், எஸ்டேட், கங்காணியின் பெயர் ஆகிய நான்கையும் இங்கே எழுதுங்கள். தெரியாவிட்டால் இன்றைக்கே பாட்டியைக் கேளுங்கள். வருகிற விவரங்களைத் தொகுத்துச் சபைக் கமிட்டியிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.