ஊதாக் கறையும் ஒரு குரல் பதிவும்

நான் சொல்லித்தரும் பாலர்பள்ளியில் பிள்ளையின் சட்டையில் ஊதாக் கறை பட்டுவிட்டதென்று ஒரு பெற்றோர் வாட்ஸ்அப்பில் விட்ட குரல் பதிவை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் "உங்களைத்தானே சொல்கிறார்?" என்று கேட்டு, சிரிக்கும் பொம்மை முகம் ஒன்றையும் சேர்த்திருந்தார். ஆமாம், எங்கள் வகுப்பைத்தான். "மாதாமாதம் பணம் கட்டுவது பூவைப் பிழிந்து விளையாடவா?" என்று அதில் வந்த கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

பூ விளையாட்டு நடந்தது உண்மை. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம் இறங்கும். ஆறியதும் ஆளுக்கொரு குவளையில் ஊற்றி, கையில் அரை எலுமிச்சம்பழம் கொடுத்தோம். சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டே பிழிய வேண்டும். புளிப்பு ஏற ஏற நீலம் ஊதாவாகும். மூன்று மாதமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், என் தண்ணீர் கத்தரிக்காய் ஆகிவிட்டது!" என்று கத்தியது. என்னிடம் அது பேசிய முதல் முழு வாக்கியம். குரல் பதிவில் இதெல்லாம் இல்லை, சட்டைக் கறை மட்டும்தான் இருக்கிறது. அதே சங்குப்பூ நீலம் ஏறிய நியோன்யா என்ற சீன-மலாய்க் கலப்புப் பலகாரத்தைப் பினாங்கில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறோம். அப்போது யாருக்கும் சட்டை நினைவுக்கு வருவதில்லை!

நடந்தது பாடம். எண்ணினார்கள், ஒப்பிட்டார்கள், நிறத்துக்குப் பெயர் சொன்னார்கள், விரலுக்கு வேலை கொடுத்தார்கள். எலுமிச்சையை அழுத்தும் அந்த விரல்கள்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. பிடி உறுதிப்படாத கையில் பென்சிலைத் திணித்தால் பிள்ளை அதை உலக்கையைப் போலப் பிடித்துத் தாளைக் கிழிக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. என் வீட்டுக் கதையைத்தான் சொல்கிறேன். என் மகன் ஐந்து வயதில் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். விருந்தாளி வந்தால் நான் அவனை நடுக்கூடத்தில் நிறுத்திவிடுவேன். ஒருநாள் பாட்டி, "ஏழு முறுக்கு எடுத்து வா சாமி" என்றார். இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, இது போதுமா என்று என் முகத்தைப் பார்த்தான். அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் போகவில்லை.

இது நான் கண்டுபிடித்த கூத்தும் அல்ல. ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் 1837இலேயே சிறு பிள்ளைகள் கையில் நூல்பந்தையும் மரக்கட்டையையும் கொடுத்துப் பாடம் தொடங்கியவர். நம் மலேசியக் கல்வி அமைச்சு 2017இல் திருத்திய தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டின்வழிக் கற்றலைத்தான் சொன்னது. ஆனால் வாட்ஸ்அப் கலைத்திட்டம் வேறு போலிருக்கிறது.

"முதலாம் ஆண்டுக்குப் போனதும் வாசிக்கத் திணறினால் யார் பொறுப்பு?" என்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் எழுத்தும் சொல்லித்தருகிறோம், மணலில் எழுதவைத்துத் தொடங்குகிறோம். "உணவுப் பொருளை வீணாக்கலாமா?" என்பவர்களுக்கு: ஆறு எலுமிச்சம்பழம். கணக்கு வேண்டுமென்றால் ரசீது வைத்திருக்கிறேன். "சீனப் பாலர் பள்ளியில் பை நிறைய வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையை யார் வீட்டுப் பிள்ளை தூக்குகிறது என்று மட்டும் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆரம்பப்பள்ளி முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வையே அரசாங்கம் 2021இல் எடுத்துவிட்டது. நம்மவர்கள் சிலர் அதை ஐந்து வயதுக்கு இறக்கிவைக்கத் துடிக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, என்னை உண்மையில் சுட்டதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பதிவின் கடைசியில், குரலைத் தாழ்த்தி, "ஆயா வேலை பார்ப்பவர்கள்தானே, இவர்களுக்கு என்ன தெரியும்" என்கிறார்.

என் பாட்டி ஆயாதான். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆயாக்கொட்டகையில், விடியுமுன் பால்மரம் வெட்டப் போன பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். ரப்பர் விதைகளைக் கொட்டி, பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், கோடு போட்டது ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்வார். நாங்கள் பிரித்து முடித்ததும் ஒரு விதையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். பாட்டி விரட்டிக்கொண்டு வருவார். கூட்டல் கழித்தல் எனக்கு அங்கேதான் வந்தது. எனவே ஆயா என்று சொல்வதானால் குரலைத் தாழ்த்தாமலே சொல்லலாம்.

பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஈரமான கால்சட்டையை மாற்றியிருக்கிறேன், வாந்தியைத் துடைத்திருக்கிறேன், காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குக் கதை சொல்லியிருக்கிறேன். சம்பளத்தைப் பற்றி இங்கே எழுதினால் பதிவு வேறு எங்கோ போய்விடும். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. "டீச்சர், சட்டை ஏன் இப்படி?" என்று என்னிடம் கேட்டிருந்தால் அந்தக் கத்தரிக்காய்க் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். ஊரைக் கூட்டிக் கேட்டுவிட்டார்.

சங்குப்பூக் கறை சவர்க்காரம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் சட்டையைக் கொடுத்தனுப்புங்கள், நானே துவைத்துத் தருகிறேன். திங்கட்கிழமை அரிசி மாவு பிசையப் போகிறோம். கறுப்புக் கால்சட்டை மட்டும் வேண்டாம்.