2 தீமோத்தேயு 3: அந்தப் பட்டியல் யாருக்கு?

மே மாதம் வந்தால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சபைகளில் கன்வென்ஷன், அதாவது நற்செய்திக் கூட்டங்களின் சீசன். பந்தல், டியூப் லைட், வாடகை நாற்காலி, வெளியூரில் இருந்து பிரசங்கம் செய்ய வரும் ஒரு செய்தியாளர். ஏதாவது ஒரு ராத்திரி அவர் வேதத்தில் பவுலின் 2 தீமோத்தேயு நிருபம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தே தீருவார். "கடைசிநாட்களில் கொடியகாலங்கள் வருமென்று அறிவாயாக" என்று வாசித்ததுமே அடுத்து என்ன வரும் என்று பந்தலில் தூங்கி விழுகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செல்போன், ரீல்ஸ், சினிமா, ஜீன்ஸ், காதல் கல்யாணம், "இந்தக் காலத்துப் பிள்ளைகள்". கடைசியில் வாலிபர்களுக்கு ஓர் அழைப்பு. பிள்ளைகளும் பாவம், முன்னே வந்து முழங்கால் போட்டு அழுவார்கள். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் சபைக் கமிட்டிக்காரர்கள் ஒருவர்கூட எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

வேதத்தின் எச்சரிப்புகளை இன்றைய காலத்துக்குப் பொருத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பொருத்தத்தான் வேண்டும். ஆனால் நாம் பொருத்துவதெல்லாம் அடுத்தவன் மேல்தான். நம் பேருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை அடுத்த வீட்டுக்காரன் வாயில் திணிக்கிறோம்.

அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். தற்பிரியர், பணப்பிரியர், வீம்புக்காரர் என்று தொடங்கி, "தேவபக்தியின் வேஷத்தைத் தரித்து அதின் பெலனை மறுதலிக்கிறவர்கள்" என்பது வரை 19 வருகிறது. உடுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. பாட்டு, கூத்து பற்றியும் இல்லை. முதல் இரண்டு இடமும் தன்மேல் ஆசைக்கும் பணத்தின்மேல் ஆசைக்கும். கடைசி இடம் பக்தி வேஷத்துக்கு. வேஷம் போட வேண்டிய அவசியம் கோயில் பக்கமே, அதாவது தேவாலயத்துப் பக்கமே வராதவனுக்கு என்ன இருக்கிறது? பவுல் காவலில் இருந்துகொண்டு இதை எழுதியது, எபேசு சபையைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த தீமோத்தேயுவுக்கு. எபேசு பட்டணத்தில் தியானாள் என்ற தேவதையின் கோயில் இருந்தது, வெளியே கைகாட்ட ஆயிரம் இருந்தது. அவர் கைகாட்டியது உள்ளே. அடுத்த வசனத்திலேயே, வீடுகளில் நுழைந்து ஆட்களை வசப்படுத்துகிறவர்கள் இவர்கள்தான் என்கிறார். ஊழியம் என்ற பெயரில் வருகிறவர்களைத்தான் சொல்கிறார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இப்போது வீட்டுக்குள் நுழைய வாசல்கூட வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு, தூக்கம் வராத ஒரு விதவைத் தாயின் கையில் இருக்கிற செல்போன் போதும். "இந்த வீடியோவைத் தள்ளிவிடாதே மகளே, கர்த்தர் உன்னோடு பேசுகிறார்" என்று தொடங்கி, கீழே க்யூஆர் கோடில் முடிகிறது. செவித்தினவு பிடித்து, அதாவது காதுக்கு இனிப்பானதையே கேட்கத் துடித்து, போதகர்களைத் திரளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நாலாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை சப்ஸ்கிரைப் பட்டன் இல்லாத காலத்தில் பவுல் எழுதினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, அந்த 19-ல் நம் செய்தியாளர்கள் தவறாமல் பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான்: "தாய்தகப்பன்மாருக்குக் கீழ்ப்படியாதவர்கள்." உடனே பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் பக்கம் திரும்புவார்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு இதே விஷயத்தை எடுத்தபோது எதிரே நின்றது பிளஸ் டூ பிள்ளைகள் அல்ல. எருசலேமிலிருந்து வந்த வேதபாரகரும் பரிசேயரும். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை, "அது கொர்பான், காணிக்கையாக நேர்ந்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் சம்பாதிக்கிற ஆண்பிள்ளைகளைத்தான் அவர் பிடித்தார். தேவனுடைய பெயரைச் சொல்லியே பெற்றவர்களைக் கைவிடுகிற தந்திரம். கோயிலுக்கும் வருமானம், மகனுக்கும் நல்ல பெயர்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆச்சி இருந்தார்கள். மகன் வெளிநாட்டில் நல்ல வேலை. கோயில் ஹாலுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தது அந்த மகன்தான். வாசலில் கருப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் அவர் பெயரும் மனைவி பிள்ளைகள் பெயரும் இருக்கிறது. ஆச்சி பிரஷர் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போடுவார்கள், ஒரு அட்டை இரண்டு மாதம் வரட்டும் என்று. மகன் அனுப்புவதில்லையா என்று கேட்டால், "அவனுக்கு அங்க ஆயிரம் செலவு ஐயா" என்று அவனுக்காகப் பேசுவார்கள். பிரதிஷ்டை அன்று மகன் ஊருக்கு வந்தார், சால்வை போட்டார்கள், சாட்சி சொன்னார். ஆச்சி பின்னால் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், பெருமையில்தான். எனக்கு அந்த மகன்மேல் வந்த கோபத்தைவிட, டைல்ஸ் கணக்கைக் கேட்டு வாங்கிய எங்கள் கமிட்டி "அம்மாவை யார் பார்க்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்ற கோபம் பெரிது. சொந்த வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. அவிசுவாசியைவிடக் கெட்டவனின் பெயரைத்தான் கிரானைட்டில் வெட்டி வைத்திருக்கிறோம்.

அரசாங்கம் 2007-ல் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கவனிக்காத பிள்ளைகள்மேல் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆச்சி மாதிரி ஆட்கள் கொடுக்க மாட்டார்கள். அது வேறு விஷயம். பத்துக் கட்டளையை மனப்பாடமாகச் சொல்கிற ஊரிலும் இதற்கொரு சட்டம் தேவைப்படுகிறதே.

அடுத்தது சோதோம், பாவத்துக்காக தேவன் அழித்தார் என்று வேதம் சொல்கிற பட்டணம். இன்றைய கலாச்சாரத்தைத் திட்ட வேண்டுமென்றால் சோதோம் இல்லாமல் முடியாது. சோதோமின் பாவம் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: பாலியல் பாவம். எசேக்கியேல் 16:49-ல் பதில் வேறு மாதிரி இருக்கிறது: கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும். இன்றைய பேச்சில் பெருமை, மிதமிஞ்சிய சாப்பாடு, கவலையில்லாத சுகவாழ்வு. அதோடு, "சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை." அடுத்த வசனத்தில் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் வருகிறது, அதை நான் ஒளிக்கவில்லை. ஆனால் தீர்க்கதரிசி முதலில் சொன்னதைப் பற்றி ஒரு கன்வென்ஷன் செய்தி நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் செய்தியாளர் பெயரைக் கமெண்டில் போடுங்கள், நான் போய் உட்கார்ந்து கேட்கிறேன்.

கெர்வம், ஆகாரத்திரட்சி, சாங்கோபாங்கம். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் நம் கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். மண்டபத்துக்கு முன்னால் நடக்கிற பேச்சுவார்த்தை அதைவிட விசேஷம். மாப்பிள்ளை வீட்டு ஹால். இரண்டு பக்கத்துப் பெரியவர்கள், நடுவில் ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர். "ஜெபிச்சு ஆரம்பிப்போம்" என்பார் ஒருவர். "ஆண்டவரே, இந்தக் காரியத்தை நீரே முன்னின்று நடத்தும்" என்று ஐயர் உருக்கமாக ஜெபிப்பார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த கையோடு, "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதைச் செய்யுங்க" என்று தொடங்கும். அப்புறம் மூத்த மருமகள் எத்தனை பவுன் கொண்டுவந்தாள் என்பது பேச்சோடு பேச்சாக வந்து விழும். கார் பேச்சு வரும்போது டீ வரும். பெண்ணின் அப்பா முகத்தில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், எந்தத் தோட்டத்தை விற்பது என்று. ஐயர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் வந்தது 1961-ல். அந்த ஹாலில் அது யாருக்கும் தெரியாதது மாதிரி இருக்கும்.

பிறகு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். இவர்கள் சேரக்கூடாததற்கு நியாயமான தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையாரைக் கேட்பார்கள். சபையே அமைதியாக இருக்கும்.

பணப்பிரியர் விஷயத்தில் இன்னொன்று. நம் பக்கத்தில் சபை நடத்துகிற ஓர் எய்டட் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். "ஸ்தோத்திரம்" என்ற வார்த்தைக்கு அடுத்த வார்த்தை, "எவ்வளவு ஆச்சு?" கேட்கிறவர் கெட்டவர் அல்ல. அவ்வளவு சகஜமாகிவிட்டது. தேவனுடைய வரத்தைக் காசு கொடுத்து வாங்கலாமென்று நினைத்த சீமோனிடம், உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது என்றார் அப்போஸ்தலன் பேதுரு. நம் பேதுருக்கள் சிலர் "எத்தனை தவணை?" என்று கேட்கிறார்கள். காசு கொடுத்து வந்த வாத்தியார் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பும் எடுக்க வேண்டியிருக்கிறது.

தூஷிக்கிறவர், அவதூறு செய்கிறவர், இணங்காதவர். இதற்கெல்லாம் திருமண்டலத் தேர்தல், அதாவது சபைகளின் நிர்வாகத் தேர்தல், வந்தால் போதும். முன்பு மொட்டை நோட்டீஸ், இப்போது வாட்ஸ்அப் ஆடியோ. விளக்க வேண்டாம், எல்லோர் போனிலும் இருக்கிறது.

சாதியைச் சொல்லாமல் விட்டால் நானும் வேஷக்காரன்தான். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி சபைகளில் பெருங்கலகம் ஆனது, பலர் சபையை விட்டே போனார்கள். கத்தோலிக்கர் பக்கம் 2008-ல், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஏறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு (தனி ஆலயச் சபை) கேட்டபோது மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இந்த ஞாயிறு பேப்பரில் மணமகன் தேவை பக்கத்தைப் பாருங்கள். "கிறிஸ்தவ" என்ற வார்த்தைக்கு அடுத்த வார்த்தை என்னவென்று பாருங்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்து ஏழையைக் கீழே உட்கார வைப்பதையே யாக்கோபு தன் நிருபத்தில் பொறுக்கவில்லை. நாம் அசனப் பண்டிகையில்கூட, எல்லோரும் சேர்ந்து ஒரே சோறு தின்பதற்கென்றே இருக்கிற பண்டிகையில், விஐபிகளுக்குத் தனி ரூம், ஃபேன், கறி தனியாக எடுத்துவைத்த பாத்திரம் என்று வந்துவிட்டோம். வெயிலில் வரிசையில் நிற்கிறவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும்.

"இதையெல்லாம் முகநூலில் எழுதலாமா? நாட்டு நிலவரம் தெரியாதா? நம்மைக் குறிவைத்துக் காத்திருக்கிறவன் கையில் நாமே கல்லெடுத்துக் கொடுப்பதா?" என்று இன்பாக்ஸில் வருவார்கள். நியாயமான பயம், நான் சிரிக்க மாட்டேன். எங்கோ ஒரு கிராமத்தில் ஜெபக்கூட்டம் நடத்தியதற்கு அடி வாங்குகிறவனுக்கு என் பதிவு ஒத்தாசை செய்யாது. ஆனால் தீர்க்கதரிசி ஆமோஸ் கள்ளத்தராசைப் பற்றிக் கத்தியபோது இஸ்ரவேலுக்குப் பக்கத்தில் எதிரிகள் இல்லாமல் இருந்தார்களா? அசீரியா வரைக்கும் செய்தி போய் அவமானம் ஆகுமே என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பெத்தேலின் ஆசாரியன் அமத்சியாதான் "இங்கே பேசாதே, உன் ஊருக்கு ஓடிப்போ" என்றான். அது ராஜாவின் பரிசுத்த ஸ்தலமாம்.

"நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று மத்தேயு 7:1-ஐ மட்டும் கமெண்டில் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து, முதலில் உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு என்கிற ஐந்தாம் வசனம்வரை வாசித்துவிட்டு ஒட்டுங்கள்.

அடுத்த சேகரக் கமிட்டியில், அதாவது எங்கள் சபை வட்டாரக் கமிட்டியில், ஒரு காரியத்தைக் கேட்கப்போகிறேன். ஓலை வாசிக்க விண்ணப்பம் வாங்கும்போதே, வரதட்சணை வாங்கவில்லை, கொடுக்கவில்லை என்று இரண்டு வீட்டாரிடமும் எழுதி வாங்குங்கள். பொய்யாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்கிறார் கமிட்டியில் இருக்கும் அண்ணாச்சி. போடட்டும், கோயில் ரிஜிஸ்டரில் இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால், பவுன் பேசுகிற அந்த ஹாலுக்கு ஜெபிக்கக் கூப்பிட்டால் ஐயர் போகக்கூடாது என்று ஒரு தீர்மானமாவது போடுங்கள். ஜெபமில்லாமல் பேரம் பேசிக்கொள்ளட்டும்.