கற்றல் செயலிகளை அஞ்செட்டியில் வைத்துச் சோதியுங்கள்

கல்வியாண்டு தொடங்கினால் போதும், புதிதாக ஒரு கற்றல் செயலி நம் பள்ளிகளைத் தேடி வந்துவிடுகிறது. அறிமுகக் கூட்டம் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ குளிரூட்டிய அரங்கில் நடக்கிறது. பெரிய திரை, தடையில்லாத இணையம், புத்தம் புதிய மடிக்கணினி. தொட்டதெல்லாம் நொடியில் திறக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறோம். பிறகு தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காட்டுச் சாலையில் வளைந்து இறங்கி, பள்ளிக்கு வந்து அதே செயலியைத் தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அஞ்செட்டி வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எந்தக் கருவியையும் அரங்கில் வைத்து மதிப்பிடாதீர்கள். எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, மாலை 7 மணிக்கு, ஒரு மாணவியின் வீட்டுப் போனில் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அந்தப் போனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு போன். காலையில் அது அப்பாவின் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கும் தகப்பனாக இருந்தால் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வரும். வந்தாலும் அண்ணன், அக்கா, தங்கை என்று மூன்று பேர் அதைக் கேட்பார்கள். சேமிப்பிடம் எப்போதோ நிறைந்திருக்கும். பெரிய செயலி ஒன்றை நிறுவ வேண்டுமானால் குடும்பப் படங்களை அழிக்க வேண்டும். திருவிழாவில் எடுத்த பாட்டியின் படத்தை அழித்துவிட்டு என் செயலியை ஏற்று என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டேன்.

உரிகம், நாட்றாம்பாளையம் பக்கம் சிக்னல் வேண்டுமானால் மேட்டுக்கு ஏற வேண்டும். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் அப்படித்தான் ஏறினார்கள். சுற்றிலும் இருப்பது 2014-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனப்பகுதி. இருட்டினால் யானை நடமாட்டம். நேரலை வகுப்பை மாலையில் வைத்துவிட்டு, வராத பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று குறிப்பெழுதுவது அநியாயம். ஆகவே எந்தக் கருவி வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இணையம் அறுந்தால் இது என்ன செய்யும் என்பதுதான்.

இதற்கு ஒழுங்காக விடை சொல்லும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2017-ல் வந்த மத்திய அரசின் தீக்ஷா என்ற பாடத் தளத்தின் செயலியில் பாடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே பார்க்கலாம். 2018-ல் தொடங்கிய நம் புதிய பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் குறியீடுகள் அந்தத் தளத்தோடுதான் இணைக்கப்பட்டன. பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தையே வாசலாக்கிய அந்த யோசனையை நான் இன்றும் மெச்சுகிறேன். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு டேட்டாவே தேவையில்லை. கோலிப்ரி என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பழைய மடிக்கணினி ஒன்றில் அதை நிறுவிப் பாடங்களை ஏற்றிவிட்டால், வகுப்புக்குள்ளேயே அது ஒரு சிறு சர்வராகிவிடும். மற்றக் கருவிகளை வைஃபை வழியாக அதோடு இணைத்துக்கொள்ளலாம், வெளி இணையம் வேண்டாம். இணையவழிப் பாடங்களை நடத்த உதவும் மூடுல் என்ற தளத்தின் செயலியிலும் பாடங்களை இறக்கிவைத்துப் படிக்கும் வசதி உண்டு. பளபளப்பு குறைவு என்பதால் இவை நம் கூட்டங்களில் பேசப்படுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிக்னல் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. அடுத்த கேள்வி, பிள்ளையின் கைக்கும் மூளைக்கும் இதில் என்ன வேலை இருக்கிறது என்பது. கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற திட்டம் அறிவியல் பாவனைகளை, அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் சிமுலேஷன்களை, இலவசமாகத் தருகிறது. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளலாம், பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு அதிலுள்ள மின்சுற்றுப் பாவனையைப் பள்ளிக் கணினியில் திறந்து வைத்தேன். ஒரு கணினிக்கு இரண்டு மாணவிகள். பல்பையே வைக்காமல், மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டார்கள். திரையில் மின்கலம் தீப்பிடித்தது. பதறிப்போய் ஒருத்தி கம்பியைப் பிரித்தாள், தீ அடங்கியது. மறுபடி இணைத்தாள், மறுபடி எரிந்தது. அடுத்து நடுவில் ஒரு பல்பை வைத்தார்கள். தீ இல்லை, பல்பு எரிந்தது. இரண்டாவது பல்பைத் தொடராக வைத்ததும் இரண்டுமே மங்கின. அப்புறம் அவர்களாகவே கருவிப் பட்டியலிலிருந்து ஃபியூஸை இழுத்து வைத்து, அது அறுவதைப் பார்த்துவிட்டு, வீட்டு மீட்டர் பெட்டியில் அது எதற்கு இருக்கிறது என்று எனக்கே விளக்கினார்கள். உண்மையான மின்கலத்தில் இதைச் செய்ய நான் அனுமதித்திருக்கமாட்டேன். தொழில்நுட்பம் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்வது இப்படிப்பட்ட வேலையில்தான்.

இதற்கு நேரெதிர், பாடம் நடத்தும் ஒருவரைப் படம்பிடித்து 40 நிமிடம் ஓடவிட்டு, கடைசியில் '100 சதவீதம் நிறைவு' என்று பச்சைக் குறி காட்டும் செயலிகள். காணொளியை ஓடவிட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்ததாக ஒரு மாணவி மறைக்காமல் என்னிடம் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓடிய நிமிடங்களைக் கற்றல் என்று கணக்கெழுதும் செயலியின் மேல்தான் கோபம். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது முடிவு தலைகீழாக இருந்தது. படித்த உடனே எல்லாம் தெரிந்தாற்போல் இருப்பது ஏமாற்றும். ஆகவே காணொளி எவ்வளவு அழகு என்பதை விட்டுவிட்டு, நடுவில் எத்தனை முறை நிறுத்திக் கேள்வி கேட்கிறது, தவறாகச் சொன்னால் ஏன் தவறு என்று சொல்கிறதா, எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது என்று ஆசிரியருக்குக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

1983-லேயே ரிச்சர்ட் கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர் இதைச் சொல்லிவிட்டார். மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரியால் நம் ஊட்டம் மாறிவிடாது, கற்பிக்கும் ஊடகமும் அப்படித்தான் என்பது அவர் வாதம். அதை மறுத்தவர்களும் உண்டு, அந்த மின்சுற்றைப் பார்த்த பிறகு நானும் முழுக்க ஏற்கமாட்டேன். ஆனால் செயலிக்குப் பணம் கொடுக்கும்முன் லாரிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளியில் தமிழ்வழி. நான் வகுப்பில் ஒருமுறை சொல்லி முடித்ததை அவர்களுக்கு நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்க முடிந்தால் அது பெரிய உதவி. பேச்சு நிதானமாக, திரையில் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். பின்னணி இசையும் ஓடியாடும் பொம்மைகளும் வேண்டாம். பாடத்துக்குத் தேவையில்லாத அலங்காரம் கற்றலைக் குறைக்கிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, போன் எண் எல்லாவற்றையும் கேட்கும் இலவசச் செயலியிடம், இவை எதற்கு என்று கேளுங்கள். 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றுதான் சொல்கிறது. மற்றொன்று, கருவி நின்றுபோனால் நம் உழைப்பு என்னாகும் என்பது. உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய எட்மோடோ என்ற இணைய வகுப்பறைத் தளம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. அசைபடப் பாடங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020-ன் கடைசி நாளோடு முடிந்ததும், அதில் செய்து வைத்திருந்த பாடங்கள் பல திறக்காமல் போயின. இரவெல்லாம் உட்கார்ந்து தயாரித்த வினாக்களை வேறோர் இடத்துக்கு எடுத்துப்போக வழி தராத கருவியில் நான் ஒரு வினாவைக்கூட ஏற்றமாட்டேன்.

செயலிகளைத் தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கும், நிதி தரும் நிறுவனங்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் விற்க வந்தவரை அஞ்செட்டிக்கோ பெட்டமுகிலாளத்துக்கோ அனுப்புங்கள். ஒரு வாரம் இருக்கட்டும். பிள்ளைகளின் வீட்டுப் போன்களில் அவரே நிறுவிக் காட்டட்டும். வார முடிவில் வினாத்தாளை நாங்கள் தயாரிக்கிறோம். அந்த விடைத்தாள்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.