சாக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது

எச்110 மதர்போர்டு உள்ள பழைய கணினியில் இன்டெலின் 8ஆம் தலைமுறை ப்ராசஸரான ஐ5-8400 போடலாம், இரண்டுக்கும் சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) எல்ஜிஏ 1151தானே என்று சிலர் சொல்கிறார்கள். சாக்கெட் பெயர் சரிதான். ஆனால் அந்த போர்டில் அந்த ப்ராசஸர் வேலை செய்யாது.

எச்110, பி150, இசட்170, பி250, இசட்270 போன்ற 100, 200 வரிசை சிப்செட்டுகள் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்கள்) இன்டெலின் 6, 7ஆம் தலைமுறைக்கானவை. 2017 அக்டோபரில் டெஸ்க்டாப்புக்கான 8ஆம் தலைமுறை வந்தபோது மின்சாரம் தரும் பின்களின் ஒதுக்கீட்டை இன்டெல் மாற்றியது, கூடவே 300 வரிசை போர்டையும் கட்டாயமாக்கியது. சிப் சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், குழப்பமே அதனால்தான். கணினி மட்டும் பூட் ஆகாது. (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸை மாற்றி, பின்களை மறைத்து ஓடவைத்தவர்கள் உண்டு. அது பொழுதுபோக்காகச் செய்பவர்களின் விளையாட்டு, அதை நம்பிக் காசு போட வேண்டாம்.)

நீங்களே சரிபார்க்கலாம். விண்டோஸ் தேடலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ‘பேஸ்போர்டு ப்ராடக்ட்’ வரியில் போர்டின் மாடல் இருக்கும். பெரிய பிராண்டுக் கணினிகளில் அங்கே புரியாத குறியீடு வரலாம், அப்போது கணினியின் மாடல் பெயரைக் கொண்டே தேடுங்கள். தனி போர்டு என்றால் தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கான ‘சிபியு சப்போர்ட்’ பட்டியலைப் பாருங்கள். எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். 100 வரிசை போர்டில் 7ஆம் தலைமுறை போடுவதென்றால் பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். அப்புறம் செய்யலாம் என்று விட்டால் திரையே வராமல் போகலாம்.