கால்குலஸ் டூவும் என் மகளின் சி பிளஸும்

போன வாரம் இங்கே நியூஜெர்சியில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர் சாம்பாரைப் பிசையக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார். "அண்ணா, பொண்ணு ப்ரீமெட் சேர்றா. ஏ.பி. கால்குலஸ்ல அஞ்சு வாங்கியிருக்கா. காலேஜ்ல நேரா கால்குலஸ் டூ எடுக்கச் சொல்லிடலாம்ல? மெடிக்கல் ஸ்கூல்காரன் பாத்தா ஒரு கெத்தா இருக்கும்ல?"

எனக்கு அப்பளம் தொண்டையில் நின்றது. (ப்ரீமெட் என்றால் மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும் கல்லூரிப் படிப்பு. ஏ.பி. என்பது பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு, அஞ்சுதான் அதில் உச்சம். கால்குலஸ், அதாவது நுண்கணிதத்தை, கல்லூரியில் ஒன், டூ, த்ரீ என்று படிப்படியாக நடத்துவார்கள்.) நாலு வருஷத்துக்கு முன்னால் அச்சு அசலாக இதையே பேசியவன் நான். பந்தியில் பாதிதான் சொல்ல முடிந்தது, அதற்குள் பாயசம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

நான் விருதுநகரில் ப்ளஸ் டூ படித்தவன். கணக்கு வந்தால் ஃபர்ஸ்ட் குரூப், கணக்கைக் கண்டால் காய்ச்சல் வருகிறவனுக்கு பயாலஜி, இதுதான் எங்கள் தெருவின் தீர்ப்பு. "டாக்டருக்கு எதுக்குடா கணக்கு?" என்று கேட்காத பெரியப்பா கிடையாது. அப்படி வளர்ந்துவிட்டு அமெரிக்கா வந்தால் இங்கே மருத்துவம் வேறு மாதிரி. முதலில் நாலு வருஷக் கல்லூரி, அதற்குப் பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். அந்த நாலு வருஷத்தில் எதை மேஜராக எடுத்தாலும் சரி, வரலாறோ சங்கீதமோ, சொல்லப்பட்ட அறிவியல் பாடங்களை முடித்திருந்தால் போதும். கணக்கில் என்ன எடுப்பது என்பது மட்டும் எல்லா வீட்டிலும் சண்டை. இவ்வளவு சுதந்திரத்தை என்னைப் போன்ற அப்பனிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கணக்கு என்றால் மூளைக்குக் கிடைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று நினைப்பவன் நான். "கால்குலஸ் ஒன்னைத் தாண்டிட்டே, அப்புறம் ஏன் கீழே பாக்குறே? டூ எடு பாப்பா" என்றேன். எடுத்தாள்.

அக்டோபரில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு போன். மிட்டெர்மில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்பா, ஒரு சீரீஸ் கன்வெர்ஜ் ஆகுதா இல்லையான்னு கண்டுபிடிச்சு நான் யாரைக் காப்பாத்தப் போறேன்?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லாததால் அறிவுரை சொன்னேன். பாடத்தைப் பாதியில் விட்டுவிடவா என்று கேட்டதற்கு, "ட்ரான்ஸ்கிரிப்டில் 'விட்டுட்டா'ன்னு டபிள்யூ விழும், நம்ம வீட்ல யாரும் பாதியில விட்டதில்ல" என்றேன். நான் கிட்டார் வகுப்பை மூன்றாவது வாரம் விட்டவன் என்பது அவளுக்கும் தெரியும். டிசம்பரில் சி பிளஸ் வந்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், முன்னாலேயே படித்திருக்க வேண்டியதை. மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், மொத்த ஜி.பி.ஏ.வோடு (நாலுக்கு இவ்வளவு என்று போடும் மதிப்பெண் சராசரி, ஏ என்றால் 4) பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுகிறது. பி.சி.பி.எம். என்பார்கள். சி பிளஸ் என்றால் அதில் 2.3. அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழையது அழியாது, இரண்டையும் சேர்த்துத்தான் சராசரி. சேர்க்கை பெறுகிறவர்களின் சராசரியோ 3.7க்கு மேலே நிற்கிறது. நாலு கிரெடிட் சி பிளஸை ஈடுகட்டி 3.7க்கு இழுக்க எத்தனை ஏ வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 19 கிரெடிட். அதாவது கிட்டத்தட்ட ஐந்து பாடத்தில் முழு ஏ. என் ஒரு வாய்ச்சொல்லுக்கு விலை அது.

அந்த கெத்தாவது வேலைக்கு ஆனதா? மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் கால்குலஸ் ஒரு வரி கிடையாது. தேர்வு நடத்துகிறவர்களே கால்குலஸ் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே வேண்டியது வேறு கணக்கு. கால்குலேட்டர் அனுமதி இல்லை. லாக் 2 என்றால் 0.3 என்று நுனி விரலில் இருக்க வேண்டும், பத்தின் அடுக்குகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்க வேண்டும், விகிதம் சட்டென்று வர வேண்டும். எட்டாம் வகுப்பு வாத்தியார் முட்டி போட வைத்துச் சொல்லித் தந்த கணக்கு. அதோடு அறிவியல் பகுதிகளில் பத்தில் ஒரு கேள்வி தரவையும் புள்ளியியலையும் வைத்து யோசிக்கச் சொல்கிறது. படத்தைக் காட்டி, இந்த ஆய்விலிருந்து இதை முடிவு கட்டலாமா என்று கேட்பார்கள். டெக்சாஸ் மாநில மருத்துவப் பள்ளிகள் பெரும்பாலும் கேட்கும் கணக்கும் புள்ளியியல்தான், கால்குலஸ் இல்லை.

இதைச் சொன்னால் உடனே "அப்ப கால்குலஸே வேண்டாமா?" என்று கமெண்டில் வருவீர்கள். அப்படிச் சொல்லவில்லை. சில பள்ளிகள் இன்னும் ஒரு வருஷக் கணக்கு கேட்கின்றன. சில இடத்தில் ஏ.பி. கிரெடிட் செல்லும், சில இடத்தில் கல்லூரியில் எடுத்ததைத்தான் பார்ப்பார்கள். பயோகெமிஸ்ட்ரி மாதிரி மேஜர் என்றால் கல்லூரியே கால்குலஸ் கேட்கும். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் ஹெச்.எஸ்.டி. போன்ற மருத்துவப் படிப்புக்குப் போகிற பிள்ளை டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் வரை தெரிந்துதான் போக வேண்டும். எம்.எஸ்.ஏ.ஆர். என்று ஒரு தளம் இருக்கிறது, காசு கட்டினால் ஒவ்வொரு பள்ளியும் என்ன கேட்கிறது என்று காட்டும். வாட்ஸாப் மாமாக்களைக் கேட்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். நானும் ஒரு வாட்ஸாப் மாமாதான்.

கால்குலஸ் தெரியாத மருத்துவ உலகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1994ல் டயபடீஸ் கேர் என்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. சர்க்கரைப் பரிசோதனை வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கண்டுபிடிக்கப் புது மாதிரி ஒன்றை உருவாக்கியிருப்பதாக அதன் ஆசிரியர் எழுதி, தன் பெயரையே அதற்கு வைத்திருந்தார். வளைகோட்டைச் சரிவகங்களாக வெட்டிக் கூட்டுவதுதான் அந்த மாதிரி. கால்குலஸ் வகுப்பில் சொல்லித் தருகிற டிரெப்பிசாய்டல் ரூல்! பாபிலோனியர்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இதே உத்தியில் வியாழன் கிரகத்தின் நகர்வைக் கணக்கிட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கட்டுரையையோ நூற்றுக்கணக்கான ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. ஆகவே கால்குலஸ் ஒன் வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆசையில்லாத பிள்ளையை அதற்கு மேலே தள்ளாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இரண்டாம் வருஷம் அவளாகவே புள்ளியியல் எடுத்தாள். எனக்கு உள்ளுக்குள் இளக்காரம்தான், "சராசரி, மீடியன் போடுறதுக்கு ஒரு செமஸ்டரா?" என்று. அந்த நவம்பரில் எனக்கு வருடாந்திரப் பரிசோதனை. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்குத் துப்புக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. 5.2. நாலுக்கு மேல் போனால் சிவப்பில் காட்டுவார்கள். சிவப்பைப் பார்த்ததும் நான் மனதுக்குள் உயில் எழுதிவிட்டேன். வீட்டுக்காரம்மா திருப்பதிக்கு முடிந்து வைத்துவிட்டாள். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மகள் வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் கிடந்த மளிகைக் கடை பில்லைத் திருப்பிப்போட்டு நாலு கட்டம் வரைந்தாள். "முதல்ல இதுக்கு பதில் சொல்லுங்கப்பா. ஆயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருக்கிற நோய். டெஸ்ட் நூறு ஆரோக்கியமானவங்கள்ல அஞ்சு பேருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும். உங்களுக்கு பாசிட்டிவ் வந்தா நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?"

"தொண்ணூத்தஞ்சு சதவீதம்" என்றேன். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன், கால்குலஸ் த்ரீ வரை படித்தவன்.

"ரெண்டு சதவீதம்ப்பா." கட்டத்தை நிரப்பினாள். ஆயிரம் பேரில் நிஜமான நோயாளி ஒருவர். மீதி 999 பேரில் ஐந்து சதவீதம் என்றால் ஐம்பது பேருக்குத் தப்பான பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்த ஐம்பத்தொரு பேரில் ஒருவருக்குத்தான் நோய். நான் மட்டும் கோட்டை விடவில்லை என்று ஆறுதலும் சொன்னாள். 1978ல் ஹார்வர்ட் மருத்துவமனைகளில் மாணவர், பயிற்சி மருத்துவர், பேராசிரியர் என்று 60 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னது 11 பேர். 95 என்று சொன்னவர்கள் 27 பேர். பாஸ்டனில் திரும்பவும் கேட்டு 2014ல் வெளியிட்ட ஆய்வில் சரியாகச் சொன்னது 61 பேரில் 14 பேர். முப்பத்தாறு வருஷத்தில் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பாருங்கள்.

பிறகு என் பி.எஸ்.ஏ.வுக்கு வந்தாள். இந்த எண் கூடியதால் பயாப்ஸி வரைக்கும் போகிறவர்களிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரியவருகிறது என்றாள். "போன மாசம் யூரின் இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை சாப்பிட்டீங்கல்ல? அதனாலகூட ஏறும். டாக்டர்கிட்ட அதைச் சொன்னீங்களா?" சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன், ஆறு வாரம் கழித்து எடுத்தோம், 3.1. திருப்பதிக்கு முடிந்தது முடிந்ததுதான், அதைப் போய்ச் செலுத்திவிட்டு வந்தோம்.

அந்த பில் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. முன்பக்கம் கத்திரிக்காய், தோசை மாவு, பின்பக்கம் நாலு கட்டம். அவளுடைய நோயாளிகள் எல்லோருக்கும் சிவப்பில் ஒரு எண் வரத்தான் போகிறது. அப்போது எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இந்த நாலு கட்டம் போடத் தெரிந்திருக்க வேண்டும். டெய்லர் சீரீஸ் தெரிந்திருந்தால் சந்தோஷம், தெரியாவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். பிள்ளைகளை இந்தப் புள்ளியியல் பாடத்தை "ஈஸி ஏ" என்று கடைசி வருஷத்துக்குத் தள்ளிவைக்கவும் விடாதீர்கள். எம்கேட்டுக்கு முன்னால், ஆய்வுக்கூடத்தில் நுழைவதற்கு முன்னால் எடுத்தால்தான் அது கையோடு வரும்.

மகள் இந்த வருஷம் விண்ணப்பித்திருக்கிறாள். போன மாதம் ஒரு நேர்காணலுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். திரும்பும்போது, எதிர்பார்த்தபடி கேட்டார்களாம், முதல் செமஸ்டரில் இந்த சி பிளஸ் என்ன என்று.

"என்ன சொன்னே? எங்கப்பாதான் எடுக்கச் சொன்னார்னு சொன்னியா?"

"இல்லப்பா. நான்தான் எடுத்தேன், என்னோட லெவலைத் தப்பாக் கணிச்சுட்டேன்னு சொன்னேன்."

நான் ரோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.