எதிஹாட்டில் டிரா போதும், என் பயமெல்லாம் சித்திரை ஒண்ணாம் தேதி மேல்

மார்ச் 29, 2024

நாளை மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில், ஆர்சனல்காரர்கள் நாம் மான்செஸ்டர் சிட்டியோடு மோதுகிறோம், அதுவும் அவர்கள் மைதானமான எதிஹாட்டில். நாட்டு அணிகளின் ஆட்டங்களுக்காக லீக் இரண்டு வாரம் நின்றிருந்தது. இந்த இரண்டு வாரத்தில் ஆர்சனலின் மிச்ச அட்டவணையை நான் பார்த்த அளவுக்கு, பிளஸ் டூ பரீட்சை டைம்டேபிளைக்கூட அந்தக் காலத்தில் பார்த்ததில்லை. "மோதுகிறோம்" என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆர்சனல் இருக்கிற லண்டன் பக்கமே போனதில்லை, பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு "நாம" என்கிறேன். இருபது வருஷமாகிவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது.

நிலவரம் இதுதான். 28 ஆட்டத்தில் நமக்கு 64 புள்ளி. லிவர்பூலுக்கும் 64. கோல் வித்தியாசம் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தால்) நமக்கு 46, அவர்களுக்கு 39, அதனால் நாம் முதலிடம். சிட்டி 63. ஆளுக்குப் பத்து ஆட்டம் பாக்கி.

"போன வருஷமும் இந்த மாசம் இப்படித்தானே பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்திருந்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள். உண்மைதான். இன்னும் சொன்னால் போன வருஷம் இதைவிட நன்றாக உட்கார்ந்திருந்தேன். 28 ஆட்டம் முடிந்தபோது 69 புள்ளி, எட்டுப் புள்ளி முன்னிலை, சிட்டி ஒரு ஆட்டம் குறைவாக ஆடியிருந்தது. அதற்கப்புறம் பத்து ஆட்டத்தில் நாம் எடுத்தது வெறும் 15 புள்ளி. 84-இல் நின்றோம், சிட்டி 89 எடுத்துக் கோப்பையைத் தூக்கியது. அந்த சீசனில் 248 நாள் முதலிடத்தில் இருந்தோம். இந்த எண்ணை எனக்கு ஞாபகப்படுத்துவதற்கென்றே மச்சான் ஒருத்தன் இருக்கிறான், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். என் பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய வாழ்த்தில்கூட "248" என்று மட்டும்தான் இருந்தது.

அந்தச் சரிவில் எல்லோரும் சிட்டியிடம் வாங்கிய 4-1-ஐத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதற்கு ஐந்து நாள் முன்னாடி சவுத்தாம்ப்டனோடு ஆடிய ஆட்டத்தில்தான் கதை முடிந்தது. லீக்கில் கடைசி இடத்தில் இருந்த அணி, ஆட்டம் நம் மைதானத்தில். நமக்கு நள்ளிரவு 12.30. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன். விசில் ஊதினார்கள், நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அதற்குள் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருத்தன் தலையில் கைவைத்த பொம்மையைப் போட்டுவிட்டான். என் போனில் ஆட்டம் அரை நிமிஷம் தாமதமாக வரும். திரையில் நம் கோல்கீப்பர் ராம்ஸ்டேல் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கிறார். என்னவோ நடக்கப்போகிறது என்று தெரிந்தும், எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாஸ் நேராக எதிரணி அல்கராஸ் காலுக்குப் போனது. 28-ஆவது வினாடியில் கோல். இரண்டாவது கோலை அடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்மிடம் பன்னிரண்டு வருஷம் இருந்த தியோ வால்காட். 88-ஆவது நிமிஷம் வரை 3-1 என்று பின்தங்கி, ஓடகார்டும் சாகாவும் அடித்து 3-3 ஆக்கினார்கள். மறுநாள் ஆபீஸில் "செம கம்பேக் சார்" என்றான் ஒரு பையன். நான் பதில் சொல்லவில்லை.

அதனால் இந்த வருஷம் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால், என்ன மாறியிருக்கிறது என்று எனக்கே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போன வருஷம் மார்ச்சில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனோடு ஆடியபோது நம் டிஃபென்டர் சலிபா காயப்பட்டார், அன்றோடு டிஃபென்ஸ் கழன்றுவிட்டது. இந்த வருஷம் சலிபா - கேப்ரியேல் ஜோடி இன்னும் நிற்கிறது. கேப்ரியேலுக்குக் குதிகால் பக்கம் ஏதோ வலி என்று பிரேசில் முகாமிலிருந்து வந்துவிட்டார், அதுதான் இரண்டு நாளாக வயிற்றைக் கலக்குகிறது. சாகாவும் இங்கிலாந்து முகாமிலிருந்து பாதியில் திரும்பிவிட்டார். சிட்டிக்கும் அதே கதை: வாக்கர் பிரேசிலோடு ஆடி காயம், ஸ்டோன்ஸ் பெல்ஜியத்தோடு ஆடி காயம். நட்பு ஆட்டம் என்று பெயர் வைத்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் டெக்லன் ரைஸ். 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொடுத்து ஒரு மிட்ஃபீல்டரா என்று ஜூலையில் நானும் கேட்டேன், பதிவுகூடப் போட்டேன். அதை யாரும் தோண்டி எடுக்க வேண்டாம், நானே ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பர் கடைசியில் வெஸ்ட் ஹாமிடம் நம் மைதானத்திலேயே 2-0, மூன்று நாள் கழித்து ஃபுல்ஹாமிடம் 2-1. மறுபடியும் அதே படம் ஓடுகிறது என்று நினைத்தேன். ஜனவரியில் அணியைத் துபாய்க்குக் கூட்டிப்போய் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார் கோச் ஆர்டெட்டா. அதற்கப்புறம் லீக்கில் எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. 33 கோல் அடித்து 4 வாங்கியிருக்கிறோம். வெஸ்ட் ஹாமுக்கு அவர்கள் ஊரிலேயே ஆறு, ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு அவர்கள் ஊரில் ஆறு. ஆனால் எனக்குப் பிடித்தது அந்த ஆறுகள் கிடையாது. மார்ச் 9-ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டோடு 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்து, 86-ஆவது நிமிஷத்தில் ஹாவெர்ட்ஸ் தலையால் முட்டினாரே, அதுதான். போன வருஷ ஆர்சனலாக இருந்தால் அந்த ஆட்டம் 1-1-லேயே முடிந்திருக்கும். மூன்று நாள் கழித்து போர்ட்டோவோடு பெனால்டி வரை போய், கோல்கீப்பர் ராயா இரண்டைத் தடுத்து, 2010-க்கு அப்புறம் முதல்முறையாக, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் கால் இறுதி. அன்றைக்குக் காலை நாலரை மணிக்கு மேல்தான் தூங்கினேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

எதிஹாட்டில் லீக் ஆட்டத்தில் நாம் கடைசியாக ஜெயித்தது 2015 ஜனவரியில். கசோர்லா ஒன்று, ஜிரூ ஒன்று. 2016-இல் ஒரு டிரா. அதற்குப் பிறகு அங்கே ஏழு லீக் ஆட்டம், ஏழும் தோல்வி, அதில் ஒன்று 5-0. இப்படி ஒரு ஊருக்குப் போகும்போது ஜெயித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று குரூப்பில் கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரியவில்லை. போன ஏப்ரலில் அப்படித்தான் மார்பைத் திறந்துகொண்டு போனோம். நீளப் பந்து வரும், சிட்டியின் ஹாலண்ட் முதுகைக் கொடுத்து நம் டிஃபென்டர் ஹோல்டிங்கை ஒதுக்கி நிறுத்துவார், பந்தைத் தன் அணியின் டி பிராய்னவுக்குத் தட்டிவிடுவார், அவர் ஓடிக்கொண்டே இருப்பார். ஏழாவது நிமிஷத்திலேயே ஒரு கோல். அதற்கப்புறமும் நாம் அதே மாதிரிதான் நின்றோம்.

இந்த அக்டோபரில் நம் மைதானத்தில் ஆர்டெட்டா வேறு மாதிரி ஆடினார். அவசரமே இல்லை. எண்பது நிமிஷம் பார்க்கவே போரடித்த ஆட்டம். பெஞ்சிலிருந்து வந்தவர்கள்தான் கடைசியில் முடித்தார்கள்: பார்ட்டி நீளமாகப் போட, டோமியாசு தலையால் இறக்க, ஹாவெர்ட்ஸ் பின்னால் தட்ட, மார்ட்டினெல்லி அடித்த பந்து சிட்டியின் அக்கே மேல் பட்டு உள்ளே போனது. நாலு பேரும் மாற்று ஆட்டக்காரர்கள். 1-0. ஆனால் அன்று சிட்டியின் மிட்ஃபீல்டர் ராட்ரி தடையில் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். ஞாயிறு அன்று இருப்பார். ராட்ரி இருக்கிற சிட்டி வேறு, இல்லாத சிட்டி வேறு.

அதனால் என் ஓட்டு டிராவுக்கு. 0-0 என்றாலும் சந்தோஷம். லிவர்பூல் அன்றே பிரைட்டனை ஜெயித்து மேலே போய்விடும், போகட்டும். சிட்டி நம்மைவிட ஒரு புள்ளி கீழேயே நிற்கும், அவர்கள் கணக்கில் ஒரு ஆட்டம் தீர்ந்திருக்கும். "சாம்பியன் ஆகிற டீம் பஸ்ஸை நிறுத்துமா?", அதாவது எல்லோரும் கோலுக்கு முன்னால் நின்று தடுத்துக்கொண்டே இருக்குமா என்று கேட்பவர்கள், போன வருஷம் நிறுத்தாமல் போய் என்ன கொண்டுவந்தோம் என்று சொல்லட்டும்.

புதன் லூட்டன். நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டு மணி. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அந்தச் சனிக்கிழமை பிரைட்டன், அவர்கள் ஊரில். கொஞ்சம் குடைச்சல் கொடுப்பார்கள், ஜெயித்துவிடுவோம் என்றுதான் படுகிறது. அடுத்த செவ்வாய் இரவு, அதாவது நமக்குப் புதன் விடிகாலை, சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியில் பயர்ன் மியூனிக். ஹாரி கேன் மறுபடியும் நம் மைதானத்துக்கு வருகிறார், டாட்டன்ஹாமை விட்டுப் போயும் நம்மை விடமாட்டேன் என்கிறார். 2017-இல் இதே பயர்ன் இரண்டு ஆட்டத்திலும் 5-1, 5-1 என்று மொத்தம் பத்து கோல் போட்டது. இரண்டாவது ஆட்டத்தில் ஐந்தாவது கோலுக்குள் நான் டிவியை அணைத்துவிட்டேன். அதையெல்லாம் நினைத்தாலும், எனக்கு இந்த ஏப்ரலில் உண்மையான பயம் அதற்கு அடுத்து வரும் ஞாயிறுதான்.

ஏப்ரல் 14. சித்திரை ஒண்ணாம் தேதி. மத்தியானம் மாங்காய்ப் பச்சடி, வடை, பாயாசம் எல்லாம் முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஆஸ்டன் வில்லாவோடு உட்காருகிறோம். பயர்னின் முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கும் நடுவில் சிக்கிய ஆட்டம். மூன்று நாள் கழித்து மியூனிக்கில் ஆட வேண்டும். கால் இங்கே இருந்தாலும் மனசு அங்கே இருக்கும். எதிரே நிற்பவர் வில்லாவின் கோச் உனாய் எமெரி. நம்மிடம் ஒன்றரை வருஷம் கோச்சாக இருந்து 2019 நவம்பரில் அனுப்பப்பட்டவர், அவருக்குப் பிறகுதான் ஆர்டெட்டா வந்தார். டிசம்பரில் வில்லா பார்க்கில் மெக்கின் ஏழாவது நிமிஷம் அடித்த ஒரு கோலை வைத்துக்கொண்டு மிச்ச ஆட்டம் முழுக்க நம்மைத் தட்டவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"வில்லாதான் வியாழக்கிழமை ஐரோப்பா மேட்ச் ஆடிட்டு வருது, நமக்கு ரெண்டு நாள் கூட ரெஸ்ட் இருக்கே" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் எமெரி அந்த வியாழன் - ஞாயிறு வாழ்க்கையிலேயே ஊறியவர், செவியாவில் மூன்று வருஷம் தொடர்ந்து, வியாழக்கிழமைகளில் நடக்கும் யூரோப்பா லீக்கை ஜெயித்த ஆள். நம் பையன்கள் ஆர்சனலுக்காக சாம்பியன்ஸ் லீக் கால் இறுதியின் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் லீக் ஆடுவது இதுவே முதல் தடவை. ரைஸையும் ஓடகார்டையும் உட்காரவைக்கவும் முடியாது, ஆடவைத்தால் மியூனிக்கில் மூச்சு வாங்கும். இது ஆர்டெட்டாவுக்குத்தான் பரீட்சை. ஜார்ஜினியோவையும் ட்ரோசார்டையும் எங்கே, எத்தனை நிமிஷம் பயன்படுத்துகிறார் என்பதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வுல்வ்ஸ் ஊரில் ஒன்று. செல்சீ ஆட்டம் தள்ளிப்போய் நிற்கிறது, அதையும் இந்த நெரிசலில்தான் எங்காவது செருகுவார்கள். ஏப்ரல் 28 டாட்டன்ஹாம், அவர்கள் வீட்டில். 2004-இல் ஏப்ரல் 25-ஆம் தேதி அந்த டாட்டன்ஹாமின் பழைய மைதானத்தில்தான் 2-2 டிரா செய்து கோப்பையை உறுதிசெய்தோம். 26 வெற்றி, 12 டிரா, தோல்வி பூஜ்யம். அதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தேன். தெருமுனை நண்பன் வீட்டில் மட்டும்தான் அந்த சேனல் வரும், அவன் அப்பா ஒன்பது மணியானால் செய்திக்கு மாற்றிவிடுவார். அதற்குப் பிறகு ஒரு லீக் கோப்பைகூட இல்லை. கடைசி மூன்று ஆட்டம் போர்ன்மவுத், ஓல்டு டிராஃபோர்டில் யுனைடெட், எவர்ட்டன்.

என் பேப்பர் கணக்கு: சிட்டி, வில்லா, டாட்டன்ஹாம் மூன்றும் டிரா, மிச்சம் ஏழும் வெற்றி. 24 புள்ளி. மொத்தம் 88.

88 போதுமா என்றால், சிட்டியை நினைத்தால் போதாது. போன வருஷம் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை லீக்கில் தொடர்ந்து பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். ஏப்ரல் வந்தால் அவர்களுக்கு என்ன ஆகிறதென்று தெரியவில்லை, கத்தரி வெயில் மாதிரி வருஷம் தவறாமல் ஏறுகிறார்கள். ஆனால் இந்த முறை அவர்களுக்கும் ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டோடு இரண்டு ஆட்டம், அது முடிந்த கையோடு இங்கிலாந்தின் இன்னொரு கோப்பையான எஃப்.ஏ. கப் அரையிறுதி வேறு. எங்காவது ஒன்று வழுக்கும். உண்மையில் நான் அதிகம் பார்ப்பது லிவர்பூலைத்தான். அவர்கள் கோச் க்ளாப் இந்த சீசனோடு போகிறேன் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார், லீக் கப் என்ற தனிப் போட்டியின் கோப்பையைப் பாதி அணி சின்னப் பையன்களை வைத்தே வாங்கிவிட்டார்கள். வழியனுப்பும் வேகத்தில் ஓடுகிற அணியை நிறுத்துவது கஷ்டம். கோப்பை நம்மிடமிருந்து போனால் இந்த முறை அங்கேதான் போகும் என்று எனக்குப் படுகிறது. இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தப்பானால் மே மாதம் திட்டலாம்.

ஞாயிறு ஏற்பாடுகள் முடிந்தன. ஈஸ்டர் என்று கீழ்வீட்டு அக்கா மத்தியானம் பிரியாணி கொடுத்தனுப்புவார்கள், அதில் கொஞ்சம் இரவுக்கும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப்பை அணைத்துவிடுவேன். மச்சான், உனக்குத்தான் சொல்கிறேன், போனும் பண்ணாதே. பதினொன்றுக்கு நானே கூப்பிடுகிறேன். கூப்பிடவில்லை என்றால் என்ன ஆனது என்று உனக்கே தெரிந்திருக்கும்.